டிபன் கேரியர் வாங்கப் போய் டிபனுக்கே அர்த்தம் தேடுன கதை

மொதல்லயே மார்க் சொல்லிடுறேன், 5-க்கு 3.5. மிச்சம் ஒன்றரை எங்க போச்சுன்னா சாம்பாரோட சேந்து என் ஆபீஸ் பைக்குள்ள போச்சு, அது பின்னாடி வரும்.

வாங்குனது 3 அடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர், இங்க சிங்கப்பூர்ல தேக்கா பக்கம் ஒரு பாத்திரக்கடையில, 34 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். கடை பேரு போடல, ஏன்னா கடைக்காரர் மேல பெரிசா தப்பு இல்ல, பாதி தப்பு என்னோடது, மீதிப் பாதி கிட்டத்தட்ட 240 வருஷம் பழைய ஒரு இங்கிலீஷ் வார்த்தையோடது. ஆமா, டிபன்ங்கிற வார்த்தை. அது நம்ம வார்த்தைன்னு நான் இத்தனை வருஷமா நெனச்சுட்டு இருந்தேன், இட்லி தோசை மாதிரி அதுவும் நம்ம வீட்டுப் பிள்ளைன்னு. இல்லையாம்.

எதுக்கு வாங்குனேன்னா, வீடு பூன் லே, ஆபீஸ் பாயா லேபார், வாரத்துல 4 நாள் கண்டிப்பா போகணும். மதியம் கீழ கோப்பிக்கடையில சாப்பிட்டா காசும் போகுது வயிறும் ஒரு மாதிரி ஆகுது, தபாவ் பண்ணா, அதாவது பார்சல் வாங்குனா, டப்பாவுக்கு வேற தனியா காசு. இப்ப அத்தை, அதாவது என் மாமியார், தஞ்சாவூர்லேருந்து ரெண்டு மாசம் தங்க வந்திருக்காங்க, கிச்சன் முழுக்க அவங்க கையில. பிளாஸ்டிக் டப்பாவுல சூடா எதையும் போட்டுக் கொடுக்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம். "ஏம்மா, இவ்ளோ பெரிய ஊர்ல ஒரு கேரியர் கிடைக்காதா"ன்னு கேட்டாங்க, சரின்னு ஞாயித்துக்கிழமை கூட்டத்துல இடிபட்டு தேக்கா போனோம், ஞாயித்துக்கிழமை தேக்கா போறதுன்னா என்னன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

கடையில 2 அடுக்கு, 3 அடுக்கு, 4 அடுக்கு, அப்புறம் வெளியில பிளாஸ்டிக் கூடு போட்டு சூடு தாங்குற மாதிரி ஒண்ணு, எல்லாம் தொங்குது. நான் பெரிய புத்திசாலி மாதிரி ஃபிரிட்ஜ்ல ஒட்டுற சின்ன காந்தம் ஒண்ணு கொண்டு போயிருந்தேன், யூட்யூப்ல பாத்தது, காந்தம் ஒட்டலைன்னா நல்ல ஸ்டீல்னு. கடை அங்கிள் சிரிச்சுட்டாரு. "இதுல 202-ன்னு ஒரு ரகம் இருக்குமா, அதுலயும் காந்தம் ஒட்டாது"ன்னாரு. வீட்டுக்கு வந்து பாத்தேன், அவர் சொன்னது சரிதான். 304 ரகத்துல சுமாரா 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், அதனாலதான் 18/8-ன்னு அடியில அச்சு போடுறாங்க. 202-ல நிக்கலக் குறைச்சுட்டு அதுக்குப் பதிலா மாங்கனீஸ் போடுறாங்க, விலை கம்மி, காந்தமும் ஒட்டாது, ஆனா புளியும் உப்பும் நாள்பட பட்டா அதுல புள்ளி புள்ளியா துரு விழ வாய்ப்பு அதிகம். இன்னொரு கூத்து, நல்ல 304-லயே தகட்ட ஆழமா இழுத்து கிண்ணமாக்குன ஓரத்துல லேசா காந்தம் ஒட்டும். ஆக காந்தத்த வீட்டு ஃபிரிட்ஜ்லயே விட்டுட்டுப் போங்க, அடியில என்ன அச்சு இருக்குன்னு பாருங்க. என்னோடதுல 304-ன்னு இருக்கு, மூணு வாரமா புளிக்குழம்பு, எலுமிச்சை சாதம் எல்லாம் பாத்தாச்சு, ஒரு புள்ளி கூட இல்ல. இதுக்கு முழு மார்க்.

இப்ப சாம்பார் கதை.

திங்கக்கிழமை காலைல அத்தை கட்டிக் கொடுத்தது அடியில முருங்கைக்காய் சாம்பார், நடுவுல சாதம், மேல பீன்ஸ் பொரியல். கைப்பிடிய மடக்கி ரெண்டு பக்கமும் கிளிப் போட்டா டக்குனு சத்தம், பாக்கவே அழகா இருந்துச்சு, பையில வச்சு தோள்ல மாட்டிட்டு பச்சை லைன் எம்ஆர்டி ரயில் ஏறுனேன். புவனா விஸ்தா ஸ்டேஷன் தாண்டல, பெருங்காய வாசம். எனக்குப் பக்கத்துல நின்னவர் மூக்க சுருக்குறாரு, எனக்கு ஒரு நிமிஷம் பயமே வந்துடுச்சு, எம்ஆர்டி உள்ள சாப்பிட்டாலோ குடிச்சாலோ 500 வெள்ளி வரைக்கும் அபராதம்னு போர்டு கண்ணு முன்னாடி தொங்குது, நான் சாப்பிடல சார் என் பைதான் சாப்பிடுதுன்னு யார்கிட்ட சொல்றது. இறங்கிப் பாத்தா பைக்குள்ள அரை கிண்ணம் சாம்பார், லேப்டாப் சார்ஜர் முருங்கைக்காயோட குளிச்சிட்டு கிடக்கு.

காரணம் சிம்பிள். மேல் மூடியில மட்டும்தான் சிலிக்கான் வாசர் இருக்கு. நடு அடுக்கும் கீழ் அடுக்கும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கு, அவ்வளவுதான், கிளிப் அழுத்துற அழுத்தத்துலதான் அது நிக்குது. நேரா இருக்கிற வரைக்கும் பிரச்சனை இல்ல, சாஞ்சா போச்சு. அதோட சாம்பார் கொதிக்கக் கொதிக்க ஊத்துனதால ஆவி உள்ள முட்டி இடுக்கு வழியா வெளிய வர ஆரம்பிச்சிடும். இந்த டிசைனுக்குத்தான் அந்த ஒன்றரை மார்க் கட். 34 வெள்ளிக்கு இன்னும் ரெண்டு ரப்பர் வளையம் போட முடியாதா என்ன.

சாயங்காலம் வந்து அத்தைகிட்ட புலம்புனா, அவங்க என்னைத்தான் ஒரு மாதிரி பாத்தாங்க. "அது டிபன் கேரியர்தானம்மா, சாப்பாட்டு கேரியரா? பேர்லயே இருக்கே. இட்லி வை, சப்பாத்தி வை, உப்புமா வை, யாரு சாம்பார ஊத்தச் சொன்னா?" நீங்கதானே ஊத்துனீங்க அத்தைன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு, முழுங்கிட்டேன். அப்புறம் அவங்களே, "எங்க காலத்துல மெஸ்ஸுலேருந்து எடுப்புச் சாப்பாடு கேரியர்லதான் வரும், ரசம் சாம்பார் எல்லாம் வரும், ஆனா கொண்டு வர்றவன் உன்ன மாதிரி தோள்ல போட்டு ஆட்டிக்கிட்டு வர மாட்டான், கையில நேரா தூக்கிட்டு வருவான்"ன்னாங்க. அப்ப அது டிபன் கேரியரா சாப்பாட்டு கேரியரான்னு நான் கேட்டேன், இவர் ஹால்ல உக்காந்துட்டு "டிபன்னா என்னன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க"ன்னு ஒரு குரல் விட்டாரு. அங்க ஆரம்பிச்சது.

மறுநாள் ஆபீஸ்ல பக்கத்து மேசை சீன அக்கா கேரியரப் பாத்துட்டு, இது பேரு என்னன்னு கேட்டாங்க. டிஃபின்னேன். உடனே அவங்க, "ஓ, ச்சி ஃபான் தானே, எங்க வார்த்தை லா"ன்னாங்க. மாண்டரின்ல ச்சி ஃபான்னா சோறு சாப்பிடுறது. கேக்க எவ்ளோ பொருத்தமா இருக்கு பாருங்க, நானும் அப்படியே நம்பிட்டேன், ரெண்டு பேரும் சேந்து பேன்ட்ரில பெரிய கண்டுபிடிப்பு பண்ண மாதிரி சந்தோஷப்பட்டோம்.

ராத்திரி தேடுனா, இந்த யோசனை 1886-லயே ஒருத்தருக்கு வந்து அதை இன்னொருத்தர் கிண்டலும் பண்ணிட்டுப் போயிட்டாரு. ஹாப்ஸன் ஜாப்ஸன்னு ஒரு அகராதி, இந்தியாவுல இருந்த வெள்ளைக்காரங்க பேச்சுல கலந்த வார்த்தைகளுக்குன்னே ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் சேந்து போட்டது, நெட்ல இலவசமாவே படிக்கலாம். பேரே ஒரு கூத்து, முஹர்ரம் ஊர்வலத்துல யா ஹசன் யா ஹுசைன்னு கூப்பிடுறது பிரிட்டிஷ் சிப்பாய்ங்க காதுல ஹாப்ஸன் ஜாப்ஸன்னு விழுந்திருக்கு, அதையே புத்தகத்துக்குப் பேரா வச்சுட்டாங்க. அதுல டிஃபின்னு ஒரு பதிவு. அரபில பொழுதுபோக்குன்னு அர்த்தம் வர்ற தஃபன்னுன்லேருந்து வந்துச்சுன்னு சிலர் சொல்றாங்க, அதுக்கு ஆதாரமே இல்லன்னு ஒரு தட்டு. அடுத்து நம்ம ச்சி ஃபான். எந்த வார்த்தையா இருந்தாலும் அசை அசையா பிச்சுப் போட்டா சீனத்துல ஏதாச்சும் ஒரு அர்த்தம் கிடைச்சிடும், அதுக்கு இது இன்னொரு உதாரணம்ங்கிற மாதிரி எழுதியிருக்காங்க. மறுநாள் இதை அக்காகிட்ட காட்டுனேன், சிரிச்சுட்டு "ரொம்ப ரூடா இருக்காங்க லா"ன்னாங்க, ஆனா தமிழ்லயும் இதே வேலைய எத்தனை பேரு பண்ணிட்டு இருக்காங்க, உலகத்துல எந்த வார்த்தையக் கொடுத்தாலும் பிரிச்சு மேஞ்சு தமிழாக்கிடுறவங்க எங்க குடும்ப வாட்ஸாப் குரூப்லயே மூணு பேரு இருக்காங்க.

சரி அவங்க சொல்ற விடை என்னன்னா, டிஃபின்ங்கிறது சுத்தமான இங்கிலீஷ், அதுவும் பேச்சு வழக்கு, கொச்சை. இங்கிலாந்துல டிஃப்னா ஒரு வாய் மது, சின்னதா ஒரு கிண்ணம் பஞ்ச். அதக் குடிக்கிறது டிஃபிங். 1785-ல பிரான்சிஸ் குரோஸ்னு ஒருத்தர் தெருப்பேச்சு வார்த்தைகளுக்கு ஒரு அகராதி போட்டாரு, அதுல டிஃபிங்னா சாப்பாட்டு நேரம் இல்லாத நேரத்துல திங்கிறது, குடிக்கிறதுன்னு இருக்கு. நேரங்கெட்ட நேரத்துல நொறுக்குறதுன்னு எங்க அம்மா திட்டுவாங்களே, அதேதான். ரெண்டாவது அர்த்தம் வாய்ச்சண்டை, மனஸ்தாபம். இது இன்னிக்கும் இங்கிலீஷ்ல இருக்கு, புருஷன் பொண்டாட்டிக்குள்ள லேசா முட்டிக்கிட்டா டிஃப்னு சொல்வாங்க. மூணாவது அர்த்தம் ஒண்ணு போட்டிருக்காரு, நான் சத்தமா படிச்சிட்டு இருந்தேன், அத்தை பக்கத்துல உக்காந்திருந்தாங்க, அதனால நாலாவது வரிக்குத் தாவிட்டேன்.

அந்த டிஃபிங்தான் கடைசி எழுத்தை முழுங்கி டிஃபின் ஆகி, நம்மகிட்ட வந்து டிபன் ஆயிடுச்சு. நமக்கு அந்த ஃப் சத்தம் ஊர்ல கிடையாதில்ல, காஃபி காப்பியான மாதிரி.

ஆனா ஒரு வாய் குடிக்கிறது எப்படி சாப்பாடாச்சு? இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். அந்தக் காலத்துல இங்கிலீஷ்காரனுக்கு டின்னர்ங்கிறது பகல்ல சாப்பிடுற பெரிய சாப்பாடு. அது கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப்போயி மத்தியானம், சாயங்காலம், கடைசில ராத்திரின்னு ஆயிடுச்சு. அப்ப காலைல சாப்பிட்டதுக்கும் டின்னருக்கும் நடுவுல ஒரு பெரிய ஓட்டை. அந்த ஓட்டைய அடைக்க வந்ததுக்கு அவங்க ஊர்ல லஞ்ச்னு பேரு நிலைச்சுது, நம்ம பக்கம் வேல பாக்க வந்தவங்க வாயில டிஃபின்னு நிலைச்சுது. 1807-ல சிலோனப் பத்தி எழுதுன கார்டினர், நெறைய பேரு மத்தியானம் 1 மணிக்கு உக்காந்து டிஃபன்னு ஒண்ணு சாப்பிடுறாங்க, உண்மைல அது சீக்கிரமா சாப்பிடுற டின்னர்தான்னு எழுதியிருக்காரு. அதாவது நேரங்கெட்ட நேரத்துல திங்கிற நொறுக்கு 20, 30 வருஷத்துக்குள்ள மேசை போட்டு உக்காந்து சாப்பிடுற சாப்பாடா வளந்துடுச்சு. அந்தக் கணக்குல பாத்தா என் சாம்பார் சாதத்துக்கும் டிஃபின்னு பேரு வைக்க முழு உரிமை இருக்கு, அத்தை தோத்துட்டாங்க.

இத அவங்ககிட்ட சொன்னேன். அசரல. "அவன் என்ன வேணா சொல்லிட்டுப் போறான், சாதம் சாப்பிட்டா அது சாப்பாடு, சாதம் இல்லாம சாப்பிட்டா அது டிபன்." முடிஞ்சுது. இதுக்கு மேல எந்த அகராதிக்காரனாலயும் தெளிவா சொல்ல முடியாது. யோசிச்சுப் பாருங்க, நம்மாளுங்களுக்கு நேரம் கணக்கே இல்ல. காலைல டிபன், சாயங்காலம் டிபன், பொண்ணு பாக்க வந்தா டிபன், ராத்திரி ரெண்டு சப்பாத்தி சாப்பிட்டாலும் "இல்லங்க, சாப்பாடு சாப்பிடல, டிபன்தான்"னு ஒரு தியாகி மாதிரி சொல்வாங்க. பத்து இட்லி சாப்பிட்டாலும் அது டிபன். ஒரு பிடி சாதம் சாப்பிட்டா சாப்பாடு. இங்கிலீஷ்காரன் கடிகாரத்த வச்சு வச்ச பேர நாம அரிசிய வேக வச்சோமா ஆட்டி ஊத்துனோமான்னு பாக்குற பேரா மாத்திட்டோம். சீன அக்காவோட ச்சி ஃபான்ல சோறு இருக்கு, நம்ம டிபன்ல சோறு இருக்கவே கூடாது, அதுலேருந்தே அந்த உறவு வேலைக்காகாதுன்னு தெரியுது.

பர்னல் பத்தி ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அவரு தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவரு, அரண்மனையில இருந்த சமஸ்கிருதச் சுவடிகளுக்கெல்லாம் அட்டவணை போட்டவரு. புத்தகம் அச்சாகி வர்றதுக்கு முன்னாடியே, 1882-ல செத்துப் போயிட்டாரு, யூல்தான் முடிச்சாரு. "எங்க ஊர் ஜட்ஜா?"ன்னு அத்தைக்கு அதுக்கப்புறம் கொஞ்சம் மரியாதை வந்துச்சு. எந்தத் தெருவுல இருந்தாருன்னு வேற கேட்டாங்க.

டிபன் வர்றதுக்கு முன்னாடி நாம என்ன சொல்லிட்டு இருந்தோம்னு அவங்ககிட்டயே கேட்டேன். அவங்க பாட்டி வீட்டுல பலகாரம்னுதான் சொல்வாங்களாம், இட்லிய கூட. ஏகாதசி அன்னிக்கு ராத்திரி பலகாரம். இவரோட சென்னை ஃபிரெண்டு நாஷ்டான்னு சொல்வாரு. பள்ளிக்கூடத் தமிழ்ல சிற்றுண்டி. ஆனா எங்க வீட்டுல, நான் பொறந்து வளந்த குயின்ஸ்டவுன் வீட்டுல, இதுல எதுவும் கிடையாது. எங்கம்மா காலைல எழுந்ததும் கேக்குறது "பசியாறிட்டியா?" அவ்வளவுதான். இங்கயும் மலேசியாவுலயும் பழைய ஆளுங்க எல்லாருக்கும் காலைச் சாப்பாடுன்னா பசியாறல்தான், அது பிராட்டாவா இருக்கட்டும் ரொட்டியும் கோப்பியுமா இருக்கட்டும். கல்யாணமான புதுசுல எங்கம்மா இவர்கிட்ட "பசியாறிட்டீங்களா தம்பி"ன்னு கேக்க, இவரு ஏதோ மூணு நாள் பட்டினி கிடந்தவரப் பாத்துக் கேக்குற மாதிரி எடுத்துக்கிட்டு "இல்லம்மா எனக்குப் பசியே இல்ல"ன்னு சொல்லி, அம்மா அப்படியே பிளேட்ட உள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்க. அன்னிக்கு இவரு நிஜமாவே பட்டினி. அந்த வீட்டு வார்த்தையவும் இந்த வீட்டு வார்த்தையவும் வச்சுப் பாத்தா எனக்கு என்னவோ பசியாறல்தான் பிடிக்குது, ஆனா பசியாறல் கேரியர்னு கடையில கேட்டா அங்கிள் ஓடிப் போயிடுவாரு.

நாம வழக்கமா பெருமை பேசுறது வேற திசையில. கட்டுமரம் காட்டமரான் ஆச்சு, சுருட்டு செரூட் ஆச்சு, மிளகுத் தண்ணி முல்லிகட்டானி சூப் ஆச்சுன்னு. அதெல்லாம் நிஜம்தான். ஆனா திரும்பி வர்ற கப்பல்ல ஒரு வார்த்தை வந்து நம்ம சமையக்கட்டுலயே குடியேறி, ரேஷன் கார்டு வாங்காத குறையா தமிழாயிட்டத யாரும் பேசுறதில்ல. அங்க அனுப்புனவங்களே அத மறந்துட்டாங்க. இப்ப பிரிட்டன்ல டிஃபின்னு தேடுனா என்ன வரும் தெரியுமா, பிஸ்கட்ட நொறுக்கி சாக்லேட்ல கலந்து, அடுப்புல வைக்காம ஃபிரிட்ஜ்ல இறுக விட்டு வெட்டுற கேக். நான் கேரியர் படம் தேடப் போய் பக்கம் பக்கமா சாக்லேட்டா வந்து நிக்குது. மும்பைல டிஃபின்னா டப்பாவாலா தூக்கிட்டுப் போற மதியச் சாப்பாட்டு டப்பா, உள்ள சோறும் பருப்பும் இருந்தாலும் அது டிஃபின்தான், அத்தைகிட்ட சொன்னா கோச்சுக்குவாங்க.

நம்ம ஊர்லயும் இந்த வார்த்தைக்கு ஒரு பழைய வாழ்க்கை இருக்கு. வெள்ளைக்காரங்க காலத்துல மலாயா, சிங்கப்பூர் பக்கம் ஞாயித்துக்கிழமை மத்தியானம்னா கறி டிஃபின், சோறும் நாலஞ்சு கறியும் தொட்டுக்க சின்னச் சின்ன கிண்ணமும் வச்சு சாப்பிட்டுட்டு மல்லாந்து தூங்குறது. 1887-ல ஆர்மீனியச் சகோதரர்கள் சார்க்கீஸ் குடும்பம் ஆரம்பிச்ச ராஃபிள்ஸ் ஹோட்டல்ல இன்னிக்கும் டிஃபின் ரூம்னே ஒரு ரெஸ்டாரண்ட் இருக்கு, வட இந்தியச் சாப்பாடு. அங்க போயி ஒரு ரிவ்யூ போடணும்னு ஆசைதான், இவரு சம்பள உயர்வு வந்ததும் பாக்கலாம்னுட்டாரு.

சரி கேரியருக்கு வர்றேன். அத்தை சொன்ன மாதிரி சோறு சாம்பார விட்டுட்டு டிபன் மட்டும் வச்சு ரெண்டு வாரம் ஓட்டிப் பாத்தேன். அதுல இது தங்கம். ஒரு அடுக்குல சாதா சைஸ் இட்லி 5 உக்காருது, அடுக்குக்கு நடுவுல வாழை இலைத் துண்டு போட்டா ஒட்டாது. இடியாப்பம் நசுங்கல. தேங்காய் சட்னி கெட்டியா அரைச்சது மேல் அடுக்குல, வாசர் இருக்கிற மூடிக்குக் கீழ வச்சேன், ஒரு சொட்டு சிந்தல. எலுமிச்சை சாதம், புளியோதரை, தயிர் சாதம் எல்லாம் ஓகே (இது டிபனா சாப்பாடான்னு அத்தைகிட்ட கேட்டேன், கலந்த சாதம் கணக்குல வராதுன்னுட்டாங்க, சட்டம் எழுதுறவங்க அவங்கதானே). சூடா எடுத்து வச்சவுடனே மூடாம பத்து நிமிஷம் ஆவி போக விட்டுட்டு மூடுங்க, அடியில தண்ணி கோக்காது.

பிடிக்காதது இன்னும் ரெண்டு இருக்கு. ஒண்ணு, ஆபீஸ் பேன்ட்ரில இருக்கிறது மைக்ரோவேவ், எவர்சில்வர அதுல வைக்க முடியாது. அதனால ஒரு பீங்கான் தட்ட ஆபீஸ் டிராயர்லயே போட்டு வச்சிருக்கேன், எடுத்துக் கொட்டி சூடு பண்ணி சாப்பிட்டு ரெண்டையும் கழுவணும், மீட்டிங் 1 மணிக்கு வச்சா இது பெரிய தொல்லை. சூடு தாங்குற மாடல் வாங்கியிருக்கலாமோன்னு தோணுது, ஆனா அது வெயிட்டு ஜாஸ்தி, அடுக்கும் சின்னது. ரெண்டாவது, பக்கத்துக் கிளிப் ரொம்ப டைட், என் நகம் ஒண்ணு உடைஞ்சது, புதுசுல அப்படித்தான் போகப்போக சரியாகும்னு அங்கிள் சொன்னாரு, மூணு வாரத்துல கொஞ்சம் சரியாகியிருக்கு.

எதிர்பார்க்காத லாபம் ஒண்ணு, தபாவ். சனிக்கிழமை எங்க புளோக் பக்கத்துல இருக்கிற உணவங்காடிக்கு கேரியர எடுத்துட்டுப் போயி மீ கோரிங் ஒரு அடுக்கு, பிராட்டா ஒரு அடுக்கு, அதுக்கு மீன் கறி மேல் அடுக்குன்னு வாங்குனேன், டப்பா காசும் மிச்சம். கறிய மேல வைக்கணும்ங்கிறத கடைக்காரருக்கும் நானே கிளாஸ் எடுத்தேன். மலாய் ஆன்ட்டி ஒருத்தங்க வரிசைல நின்னுட்டு அதப் பாத்து, "அய்யோ மங்குக் திங்காட், எங்க நெனெக் வீட்டுல இருந்துச்சு"ன்னாங்க. நெனெக்னா மலாய்ல பாட்டி, திங்காட்னா அடுக்கு, மாடி, லிஃப்ட்டுக்குப் பக்கத்துல எழுதியிருக்குமே அதே திங்காட். இங்க எல்லா இனத்துக்காரங்களும் மாசச் சந்தா கட்டி வீட்டுக்குச் சாப்பாடு வரவழைக்கிறதுக்கும் அதான் பேரு, இப்ப வர்றது பிளாஸ்டிக் டப்பாவுலயா இருந்தாலும் பேரு மட்டும் திங்காட். இதே சாமான் இந்தோனேசியாவுல ரன்தாங், தாய்லாந்துல பின்தோ.

யாரு வாங்கலாம்னா, கட்டிச் சோறு, டிபன் ஐட்டம், காஞ்சது கெட்டியானது கொண்டு போறவங்க தாராளமா வாங்கலாம். தினம் ரசம் இல்லாம தொண்டையில இறங்காதவங்க இத வாங்கிட்டு என்னைத் திட்டாதீங்க, ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனி மூடி உள்ள மாடல் இருக்கு, 10 வெள்ளி கூட ஆகும், அத வாங்குங்க.

போன ஞாயித்துக்கிழமை திரும்ப அந்தக் கடைக்குப் போனேன், நடு அடுக்குக்கும் வாசர் கிடைக்குமான்னு கேக்க. அங்கிள் பில்லு இருக்கான்னாரு, சைஸ் கோடு அதுலதான் இருக்காம். பர்ஸ்ல மடிச்சு கிடந்தத எடுத்து விரிச்சேன், அதுல டிபனும் இல்ல கேரியரும் இல்ல, "எஸ்எஸ் திங்காட் 3"ன்னு அடிச்சிருக்கு. அங்கிளே என்கிட்ட பேசுறப்ப "தூக்கு"ன்னுதான் சொல்றாரு. வாசர் 14 சென்டிமீட்டர், ஒண்ணு 2 வெள்ளி 50 காசு, ரெண்டு வாங்கிட்டு வந்தேன். லேசா மடங்குது, ஆனா உக்காருது. நாளைக்கு வத்தக்குழம்பு ஊத்திப் பாக்கப் போறேன், பைக்கு உள்ள ஒரு பழைய துண்ட விரிச்சு வச்சாச்சு.